பழைய மவுண்டன் பைக் பாகங்கள்தான் அதிகம் உழைத்தனவா? பாகம் பாகமாக ஒரு கணக்கு

"அந்தக் காலத்து பார்ட்ஸ் மாதிரி இப்போது வருவதில்லை" என்ற பேச்சு மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்களிடையே ஓயாமல் நடக்கிறது. அதில் பாதி உண்மை. கேசட் (பின்சக்கரத்தில் இருக்கும் பற்சக்கரத் தொகுதி), ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்) ஆகியவற்றில் பழசு ஜெயிக்கும். ஆக்சில், ரிம், பிரேக்கில் புதுசின் பக்கத்தில்கூட பழசு நிற்க முடியாது. பெடல் கிராங்க் சுழலும் பேரிங்கான பாட்டம் பிராக்கெட் மட்டும் நல்லதிலிருந்து மோசமாகி மறுபடி நல்லதுக்குத் திரும்பியிருக்கிறது. மொத்தமாகத் தீர்ப்புச் சொன்னால் தவறான இடத்தில்தான் பணம் போகும்.

இந்த விளையாட்டின் தொடக்கத்தையே பாருங்கள். 1976-ல் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே, சுமார் 2 மைல் தூரத்தில் 1,300 அடி இறங்கும் மண் பாதையில் ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி போன்றவர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் பந்தயம் விட்டார்கள். பின்சக்கரத்தின் மையமான ஹப்புக்குள் இருந்த, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக் ஒரே இறக்கத்தில் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். பழசு எல்லாமே இரும்பாக உழைத்தது என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

செயினும் கேசட்டும்

அதிகச் சண்டை நடக்கும் இடம் இது. செயின் "நீண்டுவிட்டது" என்கிறோம். உண்மையில் எந்தத் தகடும் நீள்வதில்லை. கண்ணிகளைக் கோக்கும் 'பின்' என்ற ஊசியும், அது உரசும் உள்தகட்டின் விளிம்பும் தேய்ந்து, கண்ணிக்குக் கண்ணி துளி இடைவெளி கூடுகிறது. 8 ஸ்பீடு, அதாவது பின்னால் 8 பற்சக்கரம் கொண்ட அமைப்பில், செயினின் வெளி அகலம் 7 மி.மீ.க்குச் சற்று அதிகம். 12 ஸ்பீடில் அது சுமார் 5.3 மி.மீ. தகடு மெலிந்ததால் பின் உட்காரும் பரப்பும் குறைந்துவிட்டது. ஆனாலும் செயினை மட்டும் எடுத்துக்கொண்டால் புதுசு தோற்றது என்று சொல்ல முடியாது. ஹார்டு குரோம் பூசிய உயர்ரக 12 ஸ்பீடு செயின்கள் பழைய மலிவுச் செயின்களைவிட நன்றாகவே தாக்குப்பிடிக்கின்றன.

இடிப்பது கேசட்டில். 8 ஸ்பீடில் செயின் ஒரு சதவீதம் தேய்ந்த பிறகும் கேசட்டும் அதோடு சேர்ந்து தேய்ந்து, இரண்டும் ஒத்துப்போய் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் இரண்டையும் ஒன்றாக மாற்றினால் சிறிய செலவுதான். 12 ஸ்பீடில் தேய்ந்த செயினோடு கொஞ்ச காலம் ஓட்டிவிட்டுப் புதுச் செயின் போட்டால், அதிகம் பயன்பட்ட இரண்டு மூன்று பற்சக்கரங்களில் செயின் துள்ளும். அப்போது கேசட்டையும் மாற்ற வேண்டிவரும். அதன் விலை 8 ஸ்பீடு கேசட்டைப் போலப் பல மடங்கு.

பெடல் பக்கத்தில் ஒரே பற்சக்கரம் (முன்சக்கரம்) வைக்கும் அமைப்பும் ஒரு காரணம். 22-32-44 என்று மூன்று முன்சக்கரங்கள் இருந்தபோது சுமை மூன்றுக்கும் பிரிந்து போனது. ஏற்றத்துக்கான 22 பல் சக்கரம் பெரும்பாலும் ஸ்டீலில் இருந்தது. இப்போது 30 அல்லது 32 பல் கொண்ட ஒரே சக்கரம், அதுவும் பல மாடல்களில் அலுமினியம், எல்லாவற்றையும் சுமக்கிறது. பின்னால் 10 பல் சக்கரத்தில் ஒவ்வொரு கண்ணியும் 36 டிகிரி மடங்குகிறது; 16 பல்லில் 22.5 டிகிரிதான். மடங்கும் கோணம் கூடக்கூட பின்னின் உரசலும் கூடும். எதிர்முனையில் 50, 51 பல் சக்கரத்துக்குப் போகும்போது செயின் சாய்ந்து ஓடி, பக்கவாட்டில் பல்லைத் தேய்க்கிறது. சமதரையில் 10 பல்லிலேயே கிடக்காமல் ஓட்டும்படி முன்சக்கரத்தை இரண்டு பல் பெரிதாக்கினாலே கேசட்டின் ஆயுள் கூடும். ஏறும் கால் வலிமை இருக்கிறவர்களுக்கு இது நல்ல யோசனை.

அளக்கத் தனிக் கருவிகூட வேண்டாம். 12 அங்குல ஸ்டீல் ஸ்கேல் போதும். பெடலை லேசாக அழுத்திச் செயினை இறுக்கி நிறுத்துங்கள். ஒரு பின்னின் நடுவில் பூஜ்ஜியத்தை வையுங்கள். புதுச் செயினில் 24-வது கண்ணியின் பின் சரியாக 12 அங்குலத்தில், அதாவது 304.8 மி.மீ.யில் நிற்கும். ஒன்றரை மி.மீ. தள்ளி நின்றால் அரை சதவீதத் தேய்மானம். 11, 12 ஸ்பீடில் அங்கேயே மாற்றிவிடுங்கள். 8, 9, 10 ஸ்பீடில் 0.75 சதவீதம், அதாவது சுமார் 2.3 மி.மீ. வரை போகலாம். மழையும் மணலும் கலந்த பாதையில் ஓட்டுகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளப்பது நல்லது. அந்தக் கலவை செயினுக்குள் உப்புத்தாளின் வேலையைச் செய்கிறது.

கேசட் வாங்கும்போதே மூன்று செயின் வாங்கி, சில நூறு கிலோமீட்டருக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுவது பழைய உத்தி. 12 ஸ்பீடுக்கு அது இன்னும் பொருத்தம். மூன்று செயினும் கேசட்டும் ஒரே வேகத்தில் தேய்வதால் எதுவும் துள்ளாது.

இந்தப் புகார் தயாரிப்பாளர்களின் காதிலும் விழுந்திருக்கிறது. ஷிமானோ 2021-ல் கொண்டுவந்த லிங்க்கிளைடு வரிசை 10, 11 ஸ்பீடுக்கே திரும்பிப் போகிறது. தடித்த ஸ்டீல் பற்கள், 11 பல்லில் தொடங்கும் கேசட், கேசட் உட்காரும் பழைய ஹெச்.ஜி. வகை ஃப்ரீஹப்பிலேயே பொருந்தும் அமைப்பு. தங்கள் வழக்கமான கேசட்டைப் போல மூன்று மடங்கு வரை உழைக்கும் என்பது அவர்களின் கூற்று. 2023-ல் வந்த கியூஸ் வரிசையும் இதன் தொடர்ச்சிதான். எடை கூடும், ஷிஃப்டர், டிரெய்லியர் (செயினைப் பற்சக்கரம் மாற்றும் பாகம்), கேசட் மூன்றையும் ஒரே குடும்பத்தில் வாங்க வேண்டும், பழைய ஷிஃப்டரோடு சேராது. பந்தயம் ஓடாதவருக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

கேசட் உட்காரும் ஃப்ரீஹப்பையும் கவனியுங்கள். அலுமினிய ஹெச்.ஜி. ஃப்ரீஹப்பில் தனித்தனி ஸ்டீல் சக்கரங்கள் வரிப்பள்ளங்களைக் கடித்து வெட்டு விழ வைக்கும். கேசட் கழற்ற வராமல் அடம்பிடித்தால் காரணம் இதுதான். மெல்லிய அரத்தால் பிசிறைச் சீவி, கிரீஸ் தடவி, லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் வெட்டு வளர்வது குறையும். ஸ்ராமின் எக்ஸ்.டி., ஷிமானோவின் மைக்ரோ ஸ்ப்ளைன் என்ற புது ஃப்ரீஹப் வடிவங்கள் இரண்டும் இந்தக் கடியைப் பெருமளவு ஒழித்துவிட்டன. புதுசுக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பெண் இது.

ஷிஃப்டர், டிரெய்லியர்

1980-களின் ஷிமானோ தம்ப் ஷிஃப்டர்கள் இன்னும் வேலை செய்கின்றன. கெடுவதற்கு உள்ளே அதிகம் ஒன்றும் கிடையாது. கிளிக் தேய்ந்தாலும் உராய்வு முறைக்குத் திருப்பி ஓட்டலாம். 1990-களின் ராபிட்ஃபயர் ஷிஃப்டர்களில் லீவரை அழுத்தினால் எதுவும் பிடிக்காமல் வெறுமனே போய்வந்தால் குப்பையில் போடாதீர்கள். பெரும்பாலும் உள்ளே கிரீஸ் பசையாக இறுகி, கிளிக்கைப் பிடிக்கும் நாய்ப்பல் என்ற சிறிய கொக்கி எழ முடியாமல் கிடக்கும். மேல்மூடியைக் கழற்றி டபிள்யூ.டி.-40 பீய்ச்சி, லீவரை ஐம்பது அறுபது முறை அழுத்தி, பழுப்பாக வழிவதைத் துடைத்து, தெளிந்ததும் மெல்லிய ஆயில் இரண்டு சொட்டு விடுங்கள். மறுபடி கெட்டி கிரீஸ் வைத்தால் மறுபடி இறுகும்.

டிரெய்லியரில் கதை வேறு. 7 ஸ்பீடில் பற்சக்கரங்களுக்கு இடையே நடுவிலிருந்து நடுவுக்கு 5 மி.மீ.; 12 ஸ்பீடில் 4 மி.மீ.க்கும் குறைவு. பழசில், டிரெய்லியரை ஃபிரேமோடு இணைக்கும் ஹேங்கர் லேசாக வளைந்தாலும் கியர் சரியாக விழும். புதுசில் அதே வளைவு மூன்று கியரைக் கெடுக்கும். "கியர் செட் ஆகவே மாட்டேன் என்கிறது" என்று வரும் 12 ஸ்பீடு சைக்கிள்களில் கேபிளைத் தொடும் முன் ஹேங்கரை அளக்க வேண்டும். அளவுகோலை ரிம்மின் நான்கு திசையிலும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 4 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. 12 ஸ்பீடுக்கு அதில் பாதிக்குள் இருந்தால் நிம்மதி. 2019-ல் ஸ்ராம் கொண்டுவந்த யூ.டி.ஹெச். என்ற பொது ஹேங்கர், ஊர் ஊராகத் தேடும் வேலையை மிச்சம் பிடித்தது. அதற்கு முன் வந்த ஃபிரேம் என்றால் மாற்று ஹேங்கர் ஒன்றைச் சைக்கிள் வாங்கும் அன்றே வாங்கி வையுங்கள். ஃபிரேமின் மாடல் நின்றுபோனால் அதுவும் நின்றுபோகும்.

பாட்டம் பிராக்கெட்

சதுர முனை ஆக்சில் கொண்ட சீல்டு கார்ட்ரிட்ஜ், ஷிமானோவின் யூ.என். வரிசை போல, உழைப்பில் இன்றைக்கும் அளவுகோல். ஃபிரேமின் உள்ளேயே பெரிய பேரிங், தண்ணீர் எளிதில் புகாத உறை, வருடக்கணக்கில் மறந்துவிடலாம். அதன் பலவீனம் பெடலைத் தாங்கும் கையான கிராங்க் பக்கம். போல்ட் லூஸாக ஓட்டினால் அலுமினியக் கையின் சதுரத் துளை வட்டமாகிவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. 35 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கி, முதல் ஓட்டத்துக்குப் பின் ஒருமுறை சரிபாருங்கள். கழற்றும்போது கிராங்கை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரைக் கையாலேயே கடைசி மரை வரை ஏற்றிவிட்டு, அதன் பிறகே நடுத் திருகைச் சுற்ற வேண்டும். மூன்று மரையில் நிறுத்திச் சுற்றினால் கிராங்கின் மரை பிய்ந்து வரும்.

அடுத்து வந்த ஆக்டாலிங்க், ஐசிஸ் தலைமுறை ஆக்சிலைத் தடிமனாக்கியது. ஃபிரேமின் குழாய் பழைய அளவிலேயே இருந்ததால், மிஞ்சிய இடத்தில் பொடிக் குண்டுகள்தான் நுழைந்தன. அவை சீக்கிரம் போயின. 2003-ல் ஷிமானோவின் உயர்ரக எக்ஸ்.டி.ஆர். வரிசையில் வந்த ஹாலோடெக் 2, பேரிங்கை ஃபிரேமுக்கு வெளியே தள்ளி இடப்பிரச்சினையைத் தீர்த்தது. ஆனால் வெளியே வந்த பேரிங் சேற்றுக்கும் பைப் தண்ணீருக்கும் அருகில் வந்துவிட்டது. சதுர முனையின் ஆயுளை அது எட்டவில்லை. இங்கே பலர் செய்யும் தவறு இடது பக்கப் பிளாஸ்டிக் மூடியை முழு பலத்தில் இறுக்குவது. அது ஆட்டம் எடுக்க மட்டுமே, 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர், அதாவது இரண்டு விரல் பலம். கிராங்க் கையின் இரண்டு போல்ட்டுக்கு 12 முதல் 14. மூடியை இறுக்கினால் பேரிங் பக்கவாட்டில் நசுங்கிச் சில மாதத்தில் கரகரக்கும்.

மரை இல்லாமல் ஃபிரேமுக்குள் அழுத்திப் பொருத்தும் பிரஸ்ஃபிட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஃபிரேமின் துளை துல்லிய வட்டமாக இருந்தால் உழைக்கும்; இல்லையென்றால் முனகும். மரை போட்ட பாட்டம் பிராக்கெட்டுக்குப் பல நிறுவனங்கள் திரும்பி வந்திருப்பதே போதுமான பதில். புதிதாக ஃபிரேம் வாங்குகிறவர்கள் இதை முதல் நிபந்தனையாக வையுங்கள்.

ஹப், ஆக்சில், ரிம்

இங்கே பழசுக்காக வாதாட எனக்கு மனமில்லை. பற்சக்கரத் தொகுதியை மரையில் ஏற்றும் ஃப்ரீவீல் ஹப்பில் வலது பேரிங் ஃப்ரீவீலுக்கு உட்புறம் இருக்கும். அதிலிருந்து டிராப்அவுட் (ஃபிரேமில் ஆக்சில் உட்காரும் இடம்) வரை ஆக்சில் தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். 10 மி.மீ. கம்பி, மேலே ஓட்டுபவரின் எடை, கீழே கல். வளைவது நிச்சயம்; உடைவதும் சகஜம். ஃப்ரீஹப் வந்து பேரிங்கை வெளி ஓரத்துக்குக் கொண்டுபோனது, 12 மி.மீ. த்ரூ ஆக்சில் மிச்சத்தை முடித்துவைத்தது. இந்தியாவில் விற்கும் விலை குறைந்த எம்.டி.பி.க்களில் இன்றும் 7 ஸ்பீடு ஃப்ரீவீல் வருகிறது. அந்தச் சைக்கிளில் படிக்கட்டில் இறங்கவோ குதிக்கவோ கூடாது. ஓட்டுபவரின் திறமை எவ்வளவு இருந்தாலும் ஆக்சிலின் கணக்கு மாறாது.

கிண்ணம் போன்ற கப்புக்கும் கூம்பு போன்ற கோனுக்கும் நடுவே தனிக் குண்டுகள் ஓடும் பழைய கப்-கோன் ஹப்புக்கு ஒரு பெருமை உண்டு: கையால் பிரித்துச் சேர்க்கலாம். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குலக் குண்டுகள், முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குலக் குண்டுகள். குண்டை எப்போதும் புதிதாகப் போடுங்கள். கோனில் குழி விழுந்தால் கோனை மாற்றலாம். கப்பில் விழுந்தால் ஹப் முடிந்தது. குயிக் ரிலீஸைத் திறந்த நிலையில் மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும். பூட்டியதும் அது மறைய வேண்டும். பூட்டும்போது ஆக்சில் சிறிது அமுங்குவதால் இந்த இடம் விட வேண்டியிருக்கிறது.

இன்றைய ஹப்பில் 6902 போன்ற கார்ட்ரிட்ஜ் பேரிங், அதாவது 15-28-7 மி.மீ., எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். ரப்பர் சீல் இரண்டு பக்கமும் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ஏற்றும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் தட்டினால் குண்டுகள் பாதையில் தடம் பதித்துவிடும். புது பேரிங் முதல் நாளே சொரசொரக்கும்.

ரிம் பிரேக் காலத்தில் ரிம்மே தேயும் பாகம். சேற்றில் ஓட்டினால் பக்கச்சுவர் உட்குழிந்து மெலிந்து, காற்றழுத்தம் தாங்காமல் ஒருநாள் வெடிக்கும். பழைய சைக்கிள் வாங்கினால் பக்கச்சுவரில் ஸ்கேலை நிறுத்தி நடுவில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். டிஸ்க் பிரேக் அந்தத் தேய்மானத்தை மலிவான ரோட்டருக்கு மாற்றிவிட்டது. ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மி.மீ.; 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும். ஸ்ராமின் பல ரோட்டர்களுக்கு 1.55. ஓரத்தில் தேயாத விளிம்பு நிற்கும். வெர்னியரை அதன் மேல் வைத்தால் அளவு பொய் சொல்லும்.

டிஸ்க்கின் பலவீனம் பிஸ்டன் சிக்குவது. ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்ந்தால் இதுதான் காரணம். வீலையும் பேடையும் எடுத்துவிட்டு, ஒரு பிஸ்டனைப் பிளாஸ்டிக் டயர் லீவரால் பிடித்துக்கொண்டு, பிரேக் லீவரை மெதுவாக அழுத்தி மற்றதைச் சில மி.மீ. மட்டும் வெளியே வர விடுங்கள். அந்த பிரேக்குக்கு உரிய திரவத்தையே பஞ்சில் தொட்டுச் சுற்றிலும் துடைத்து உள்ளே தள்ளுங்கள். மினரல் ஆயில் பிரேக்கில் டாட் திரவம் பட்டால் சீல் உப்பிப் பழுதாகும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், செராமிக் பிஸ்டன் விரியும். வாங்கும்போதே உதிரி சீல் கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஷிமானோ அவற்றைத் தனியாக விற்பதில்லை. இங்கிலாந்தின் ஹோப் நிறுவனம் தன் பழைய மாடல்களுக்கும் சீல் கொடுக்கிறது. நீண்ட ஆயுள் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஃபோர்க்

1990-களின் எலாஸ்டமர் ஃபோர்க்குகளை ஏக்கத்தோடு நினைக்கத் தேவையில்லை. அந்த ரப்பர் கட்டைகள் குளிரில் கல்லாக இறுகின. வயதானால் பிசுபிசுத்து உதிர்ந்தன. ஒரு நல்ல விஷயம், அன்றைய பல ஃபோர்க்குகளில் கிரவுன் போல்ட் போட்டுக் குழாயைக் கவ்விப் பிடித்தது; ஒரு குழாய் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். இப்போது கிரவுன் (இரண்டு கால்களை இணைக்கும் தலைப்பகுதி), ஸ்டீரர் (ஹேண்டில்பாருக்குப் போகும் குழாய்), ஸ்டான்ஷன் (கீழ்க்காலுக்குள் போய்வரும் மேல்குழாய்) மூன்றும் அழுத்திச் சேர்த்த ஒரே தொகுதி. முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டில்பாரை முன்பின் ஆட்டும்போது கிரவுனிலிருந்து கிறீச் சத்தம் வந்தால், ஹேண்டில் திரும்பும் பேரிங்கான ஹெட்செட்டை எத்தனை முறை இறுக்கினாலும் தீராது; முழுத் தொகுதியும் மாற வேண்டும். வாரண்டி இருக்கும்போதே கேளுங்கள்.

வேலை செய்யும் விதத்தில் புதுசு எங்கோ போய்விட்டது. ஆனால் அது கடிகாரத்தோடு வருகிறது. ஃபோர்க் தயாரிக்கும் ராக்ஷாக்ஸ் கீழ்க்கால் சர்வீஸை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்கிறது. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஒரு வருடம். கீழ்க்காலில் இருக்கும் ஆயில் மிகக் கொஞ்சம். அது கறுத்து, நுரைவளையம் காய்ந்ததும், புஷ்ஷிங் ஸ்டான்ஷனின் பூச்சை நேரடியாக உரசுகிறது. பூச்சில் பளபளக்கும் வழுக்கைத் திட்டு வந்துவிட்டால் திரும்ப வழியில்லை. சர்வீஸ் வீட்டிலேயே செய்யக்கூடியது: காற்றை இறக்கி, அடி போல்ட்டை மூன்று நான்கு சுற்று தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டி விடுவித்து, கீழ்க்காலை உருவி, உள்ளே துணி சுற்றிய குச்சியால் துடைத்து, நுரைவளையத்தை ஆயிலில் ஊறவைத்து, மாடலுக்குச் சொன்ன அளவு ஆயில் ஊற்றி மூடுங்கள். அளவைத் தாண்டினால் ஃபோர்க் முழு நீளம் அமுங்காது.

பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளின் மூட்டுகளில் இருக்கும் பிவட் பேரிங்குக்கும் ஒரு வார்த்தை. அது முழுதாகச் சுழல்வதில்லை; சில டிகிரி மட்டும் போய்வருவதால் குண்டுகள் ஒரே இடத்தில் குழி பறிக்கின்றன, கிரீஸ் ஒதுங்கிவிடுகிறது. புது பேரிங்கின் சீலை ஊசியால் தூக்கி, கிரீஸை நிறைய அடைத்து மூடிய பிறகு ஏற்றினால் கணிசமாகக் கூட உழைக்கும். சுழல் வேகம் இல்லாததால் அதிக கிரீஸ் கெடுதல் செய்யாது.

பழைய ஹெட்செட்டில் ஹேண்டில் நேராக வரும்போது "டக்" என்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால், கூண்டோடு இருக்கும் குண்டுகளை எடுத்துவிட்டுத் தனிக் குண்டுகளாக நிரப்புங்கள். எண்ணிக்கை மாறுவதால் குண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பழைய குழிகளில் விழாது. இன்னும் கொஞ்ச காலம் ஓடும். இன்றைய ஹெட்செட்டில் கார்ட்ரிட்ஜ் பேரிங்கைக் கையாலேயே எடுத்து வைக்கலாம். கேபிளும் பிரேக் ஹோஸும் ஹெட்செட் வழியே போகும் ஃபிரேமில் மட்டும், அந்தச் சாதாரண வேலைக்கு பிரேக் ஹோஸைக் கழற்றி மறுபடி ப்ளீட் செய்ய (திரவத்திலிருந்து காற்றை வெளியேற்ற) வேண்டும். முடிந்தவரை அந்த வகை ஃபிரேமைத் தவிர்க்கலாம்.

இரண்டாம் கையாக வாங்கும்போது பார்க்க வேண்டியவை காலத்துக்குக் காலம் வேறு. பழைய சைக்கிளில் முதலில் சீட் போஸ்டை அசைத்துப் பாருங்கள். அலுமினியப் போஸ்ட் ஸ்டீல் ஃபிரேமுக்குள் பிடித்துக்கொண்டிருந்தால் மற்ற எல்லா வேலையையும்விட அது பெரிய வேலை. பிறகு பின் ஆக்சிலைக் கையால் சுற்றி முனை ஆடுகிறதா என்று பாருங்கள், ஆடினால் வளைந்திருக்கிறது. கடைசியாக ரிம்மின் பக்கச்சுவர். புதிய சைக்கிளில் ஸ்டான்ஷனின் பின்புறத்தை விளக்கடித்துப் பாருங்கள். தேய்மானம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஓட்டும்போதே ஏற்றி இறக்கும் சீட் போஸ்டான டிராப்பர் போஸ்டை முழுதாக உயர்த்தி உட்கார்ந்து, இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் அமுங்குகிறதா கவனியுங்கள். அமுங்கினால் ஆயிலுக்குள் காற்று புகுந்திருக்கலாம், ப்ளீடோ புது கார்ட்ரிட்ஜோ தேவைப்படும். செயினை அளக்காமல் விலை பேசாதீர்கள். ஃபோர்க் சர்வீஸ் செய்த பில்லையும் கேளுங்கள். ஒருமுறையும் திறக்காத ஃபோர்க் என்றால், அந்த சர்வீஸ் செலவையும், ஸ்டான்ஷனில் திட்டு தெரிந்தால் புதுத் தொகுதியின் விலையையும் சேர்த்துக் கழித்துவிட்டுத் தொகையைச் சொல்லுங்கள்.